பலகைக்கு மேலே குடியிருந்தது

நேற்று எதிர் ஃபிளாட்டில் யாரோ பாஸ்மதி அரிசி வேகவைத்தார்கள். வாசனை வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டேன். பிரியாணி பிடிக்காதவன் இல்லை நான். மரநாயின் மேலும் ஏறக்குறைய அதே வாசனைதான் அடிக்கும், சொன்னால் நம்பமாட்டீர்கள்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சென்னைக்குத் தெற்கே படூரில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் புது வேலை. சுற்றிலும் தோப்புகளை வெட்டி அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். தோப்பிலிருந்த மரநாய் ஒன்று கேபிள் டிவி ஒயர்மேல் நடந்துவந்து, என் ஓட்டுக்கும் அதன் அடியில் அடித்திருந்த பலகைக்கும் நடுவே குடியேறிவிட்டது. முதல் வாரம் பேய் என்றே நினைத்தேன். துடைப்பத்தைப் பக்கத்தில் வைத்துப் படுத்த வீரன் நான்.

வீட்டுச் சொந்தக்காரர் மைமூன் அக்கா பக்கத்திலேயே மளிகைக்கடை வைத்திருந்தார். அழுகப்போகிற வாழைப்பழங்களை அதற்காக மதில்மேல் வைப்பார். "இருந்த மரத்த வெட்டிட்டானுங்க. அது எங்க போவும்? கெடந்துட்டுப் போவுது தம்பி."

நானும் அப்படித்தான் விட்டிருந்தேன், அதன் மூத்திரம் பலகை இடுக்கில் ஒழுகி என் ஒரே நல்ல சட்டையை நனைக்கும்வரை. தெரியாமல் அதையே மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். பக்கத்து சீட்டுப் பெண் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அது வெளியே போனதும் ஏணி போட்டு, அது நுழையும் பொத்தலை சிமெண்டால் அடைத்தேன். கீழே வந்து நின்றார் அக்கா.

"உள்ள குட்டி எதுனா கீதா, பாத்தியா தம்பி?"

"பாத்துட்டேங்கா. ஒண்ணும் இல்ல."

பார்க்கவே இல்லை.

விடிந்தபோது தலைக்கு மேலே மெல்லிய கீச்சொலி. ஓட்டின்மேல் தாய் பிறாண்டிக்கொண்டிருந்தது. சிமெண்டை உடைத்தால் நான் சொன்னது பொய்யென்று தெரிந்துவிடும். அதுதான் காரணம், வேறொன்றுமில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துக் குளித்துவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடித்தேன். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் நான் திரும்பியபோது பொத்தல் திறந்திருந்தது. தாய் பகலிலும் கூரையைவிட்டு நகராததைப் பார்த்து அக்காவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. தானே ஏறி உடைத்திருக்கிறார். முருங்கை மரத்தடியில் புதுமண்.

"ரெண்டு," என்றார். கையிலிருந்த சிமெண்ட் தூளைத் தட்டினார். "பாத்தேன்னு சொன்னியேப்பா."

அதற்கப்புறம் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை, சார் என்றார். மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்தேன். போகும்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். வீடுமில்லை, கடையுமில்லை, கேட் போட்ட அடுக்குமாடி நிற்கிறது. மைமூன் அக்காவை வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை. சும்மா போகாமல், இங்கே மரநாய் வருமா என்றும் கேட்டேன்.

"அது இன்னா நாய் சார்? நாங்க எந்த நாயையும் உள்ள வுட மாட்டோம்."