இரண்டு சீமை எலிகளும் என் மாமனாரும்

என் மாமனார் சுப்பராயலு ஒரு சந்தேகப் பிராணி. பால்காரன் சிரித்தால் தண்ணீர் கலந்துவிட்டான் என்பார். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்துவிட்டான் என்பார். நான் சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடத்தில் தண்ணீரை ஊற்றி வைத்து, ஒழுகுகிறதா என்று அரை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

அவரிடம் போய் ஒரு வெள்ளைக்காரர் இரண்டு உயிரை நம்பி ஒப்படைத்தார். முப்பத்தாறாம் வருஷம். புதுச்சேரியில் நீதிபதி துரை வீட்டுத் தோட்டத்தில் மாமனாருக்கு வேலை. துரை குடும்பத்தோடு ஆறு மாத லீவில் பிரான்சுக்குக் கப்பல் ஏறியபோது, அவர் மகள் வளர்த்த இரண்டு சீமை எலிகளும் பாகூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வால் கிடையாது, முயலுக்கும் பெருச்சாளிக்கும் நடுவாந்தரமான பிராணி. இரண்டும் ஆண். இரண்டையும் உயிரோடு திருப்பிக் கொடுத்தால் மாமனாரின் மகனுக்குக் கோர்ட்டில் சேவகன் வேலை என்று துரை வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த மகன் நடேசன்தான் என் புருஷன். வேலை கிடைக்காவிட்டால் கப்பலேறி வியட்நாமில் இருக்கும் சைகோனுக்குப் பிழைக்கப் போவது என்று பேச்சு. அப்போது எங்கள் பக்கத்து ஆண்களெல்லாம் சைகோன் சைகோன் என்று பறந்துகொண்டிருந்தார்கள். போனவர்கள் ஏழெட்டு வருஷத்துக்குத் திரும்புவதில்லை. எனக்குக் கல்யாணமாகி ஐந்தே மாதம். அந்த எலிகளைச் சாமி மாதிரி கும்பிட்டேன் என்றால் பொய்யில்லை.

கூண்டைக் கொண்டுவந்த மரியதாஸ், துரை வீட்டுச் சமையல்காரர், விவரமாகச் சொல்லிவிட்டுப் போனார். "ரெண்டும் கூடப் பொறந்ததும்மா, ஒத்துமையா இருக்கும். தனித்தனிக் கிண்ணம் வை. பல்லை நறநறன்னு கடிச்சா பதறாத. ரத்தம் வந்தா மட்டும் பிரி. பொட்டை எலி வாசனை மட்டும் பட்டுடக் கூடாது. பட்டுச்சு, அப்புறம் அண்ணனாவது தம்பியாவது!"

இரண்டு மாதம் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. திடீரென்று ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒன்றுக்குக் காது கிழிந்திருந்தது. இரண்டும் மயிர் சிலிர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. நான் பிரித்து வைத்து, காயத்துக்கு மஞ்சள் போட்டேன். ஆறியதும் கூண்டைக் கழுவி வெயிலில் காயவைத்து, புது வைக்கோல் பரப்பி, ஒளிந்துகொள்ள இரண்டு சட்டிகளைக் கவிழ்த்து, முற்றத்தில் பொதுவான இடத்தில் இரண்டையும் விட்டேன். முறத்தோடு காவல் உட்கார்ந்தேன். கொஞ்சம் மல்லுக்கட்டிவிட்டு ஒன்று பணிந்தது. பிறகு பக்கத்தில் பக்கத்தில் நின்று புல் தின்றன. அப்பாடா என்றிருந்தது.

அடுத்த வாரமே மறுபடியும் ரத்தம்.

"புல்லுல இன்னா தடவின?" என்றார் மாமனார்.

"நீங்களே தின்னு பாருங்க மாமா" என்றேன் எரிச்சலில். மனிதர் உண்மையாகவே இரண்டு புல்லை மென்று பார்த்தார்! கூண்டுக் கதவில் நூல் கட்டினார், நான் திறந்தால் தெரிய வேண்டுமாம். பக்கத்து வீட்டு ஜொஹரா பீவியின் பூனையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார். உலகத்தில் எல்லோர் மேலும் அவருக்குச் சந்தேகம், பெற்ற மகன் ஒருவரைத் தவிர.

மூன்றாம் தடவை கூண்டைக் கழுவும்போது வைக்கோலுக்கு அடியில் மரச்சுருள் அகப்பட்டது, தச்சன் இழைத்துத் தள்ளுவதைப் போல. நாங்கள் வைக்கோலைத் தவிர எதையும் போட்டதில்லை. ஒரு துணுக்கை எலியின் மூக்கருகே நீட்டினேன். உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது. பொட்டை எலி வாசனை பற்றி மரியதாஸ் சொன்னது நினைவுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் என் புருஷன் கரும்பு வண்டியோட்டிப் புதுச்சேரியிலிருந்து திரும்பினார். துண்டை உதறினேன். அதே மரச்சுருள் ஒரு பிடி கொட்டியது.

"இது இன்னா?"

கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டுச் சொன்னார். ஆஸ்பத்திரியில் மருந்து சோதிக்க இந்த எலிகளை வளர்க்கிறார்களாம். பெட்டை எலிக் கூண்டிலிருந்து கொட்டிய குப்பை அது. "ஒண்ணு செத்துட்டா வேல கெடைக்காது, அப்பா என்ன சைகோனுக்கு வுட்டுடுவாரு. போவணும்னு அவருகிட்ட சொல்ல பயம்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!" என்றேன். நான் முறத்தோடு காவல் காத்தது யாருக்காக? கையைப் பிடித்து இழுத்துப்போய் மாமனார் முன் நிறுத்தினேன்.

"நான்தாம்பா செஞ்சேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

மாமனார் மகனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அவ சொல்லிக் குடுத்தாளா? பொண்டாட்டிக்குப் பயந்து பழிய நீ ஏத்துக்கிறியா? எனக்குத் தெரியாதாடா உன்ன?"

இல்லை, நான்தான் என்று இன்னொரு தரம் சொன்னால் போதும். நான் என் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

எலிகளை நான் தேற்றினேன். துரை திரும்பியதும் இரண்டும் உயிரோடு போய்ச் சேர்ந்தன. மாமனார் வேலைக் காகிதத்தோடு ஓடிவந்தார். ஆறு மாதமாக நான் ஏங்கிக் கிடந்த காகிதம்.

"இது வேணாம். நீங்க சைகோனுக்கே போங்க" என்றேன் என் புருஷனிடம்.

மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுல உனக்கு இன்னா லாபம்?"

"நிம்மதி, மாமா."

அந்த மாசக் கப்பலில் என் புருஷன் போனார். நான் சொன்ன பதிலை மாமனார் சாகும்வரை நம்பவில்லை.