ஈயத் தளபதி

என் அண்ணனுக்கு இப்போது வாயில் பல் இல்லை. சர்க்கரை வியாதி கால்விரல் ஒன்றையும் தின்றுவிட்டது. அப்படியும், யாராவது எங்கள் பழைய யுத்த விளையாட்டைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் நான் செஞ்சதுதான் லா" என்று கூசாமல் சொல்கிறான். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு இன்னும் பழக்கமாகவில்லை.

அப்போது மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் வாடகை வீட்டில் இருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் செட்டிமார் குடியிருப்பு. அப்பா ஒரு துரையின் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் என்றே பேச்சாக இருந்த வருஷம் அந்தத் துரை குடும்பம் மூட்டை கட்டியது. அவர்கள் பிள்ளைகள் விட்டுப்போன ஈயச் சிப்பாய்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய எங்களுக்கு வந்தன. எல்லாம் ஒரே அச்சு. ஒரே சிவப்புச் சட்டை, ஒரே துப்பாக்கி, ஒரே விறைப்பு. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர்களை உருப்படியாக்கியவள் நான். துப்பாக்கியை வளைத்து வாலாக்கினேன். பால் டின்னை வெட்டி இறக்கை வைத்தேன். பக்கத்துச் செட்டி வீட்டில் படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட், பூசத் தீக்குச்சி, கண்ணும் பல்லும் வரைய என் தலைமுடியையே நூலில் கட்டிய தூரிகை. மூன்று கண் அசுரன், மீன்தலை மந்திரவாதி, மலாய்க் கதைகளில் வரும் கெர்காசி என்ற ராட்சசன் என்று ஒரு பட்டாளமே கிளம்பியது.

சண்டை போட்டது ஆண்பிள்ளைகள். ஒரு பக்கம் அண்ணன், எதிர்ப் பக்கம் செட்டி வீட்டுப் பையன், அண்ணன் வயதுக்காரன். மண்ணெண்ணெய்ப் பெட்டிகள் மேல் கிடத்திய பழைய கதவுதான் போர்க்களம். சிரட்டைகள் மலை, கிழிந்த நீலச் சேலை ஆறு. பகடை உருட்டி, நாடு நாடாகப் பிடித்துப் போவார்கள். ஒரு படையெடுப்பு முடிய வாரக்கணக்கில் ஆகும். பக்கத்திலேயே கரி அடுப்பில் இரும்புக் கரண்டி காய்ந்துகொண்டிருக்கும். செத்த பொம்மையை அதில் போட்டு உருக்கிவிடுவார்கள். செட்டிப் பையனின் அப்பா கிளேபாங் கடலில் வலை வீசுகிறவர், அந்த ஈயம் அவர் வலைக்குக் குண்டாகும். இந்தக் குரூரமான சட்டம் அண்ணன் போட்டது. பொம்மைக்கு உயிர் பயம் வேண்டுமாம்.

பிழைத்த பொம்மைக்கு இன்னொரு சலுகை உண்டு. இரண்டு சண்டைகளுக்கு நடுவில் அதற்கு வேறு வண்ணம் பூசி, வேறு சக்தியோடு களத்தில் இறக்கலாம். நேற்றைய மந்திரவாதி இன்றைக்குப் பறக்கும் பேய். களத்தில் இறக்கும்போது "மாத்தி" என்று சொல்ல வேண்டும், மாற்றியாகிவிட்டது என்று அர்த்தம். முதல் தடவை அண்ணன் அப்படிச் சொன்னதும் செட்டிப் பையன் பொம்மையைத் தூக்கி அடுப்புப் பக்கம் கொண்டுபோனான். செட்டிமார் பல தலைமுறைக்கு முன்பே வந்து கலந்தவர்கள், கும்பிடுவது நம் சாமி, வீட்டில் பேசுவது மலாய். மலாயில் மாத்தி என்றால் செத்தது. அண்ணன் ஒரு பக்கம் வாய் கோண, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நெத்தியில திருநீறு, வாயில மலாய். உனக்கெல்லாம் எதுக்குடா சாமி?" அன்றிலிருந்து தினமும் அதே கேலி. ஆனால் அவன் அந்தச் சொல்லை அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் தப்பாக எடுத்ததில்லை.

எனக்கும் பகடை உருட்ட ஆசை. "பொம்பளப் பிள்ள சண்டைக்கு வந்தா வீடு விளங்கிரும்" என்றான் அண்ணன். அப்படியானால் நீயே பூசிக்கொள் என்று பெயிண்டை எடுத்து ஒளித்துவைத்தேன். படை அம்மணமாக நின்றது. வேறு வழியில்லாமல் அம்மா முன்னால் வாக்குக் கொடுத்தான்: நான் பூசிய தளபதி இந்தப் படையெடுப்பின் கடைசிச் சண்டை வரை சாகாமல் இருந்தால், அடுத்ததில் பாதிப் படை எனக்கு.

அந்தத் தளபதிக்கு நான் போடாத வேஷமில்லை. அசுரன், கடல் பூதம், நெருப்புப் பறவை. அவனுக்குப் பூசிப் பூசி என் நகக்கண் கருத்தது. கடைசிச் சண்டையும் வந்தது. அண்ணன் ஜெயிக்கும் நிலை. தளபதியைத் தங்கநிறக் கெர்காசியாக்கிக் கொண்டுவந்தேன். அண்ணன் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"வயித்த வலிக்குது. நீயே எறக்கு. சொல்லைச் சொல்லிட்டு வை."

போர்க்களத்தில் எனக்குக் கிடைத்த முதல் பேச்சு. கதவின் நடுவில் தளபதியை நிறுத்தி, "மாத்தி" என்றேன்.

செட்டிப் பையன் அவனை எடுத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மாத்தி" என்று தானும் ஒருதரம் சொல்லிவிட்டுக் கரண்டியில் போட்டான். முதலில் தங்கம் கருகியது. பிறகு இறக்கை சாய்ந்தது. கடைசியாக முகம் போயிற்று. நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அண்ணன் வந்தான். வலி வந்தவன் மாதிரியே இல்லை.

"மலாய் வாய்க்காரன்கிட்ட போய் தமிழ் பேசினா இப்படித்தான். செத்தவன் செத்தவன்தான். இதுக்குத்தான் பொட்டச்சிய சேக்கக் கூடாதுன்னேன்."

நான் சோறு தின்னாமல் கிடந்தேன். அம்மா, பொம்மைக்குப் போய் ஒப்பாரியா என்று இரண்டு அடி போட்டாள்.

சில நாள் கழித்து அந்தப் பையன் வேலியோரம் வந்து நின்றான். கையில் புதிதாக வார்த்த ஈயக்குண்டு. என் தளபதி. திட்ட வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"லு புஞ்ஞா அண்ணே சுரோ" என்றான். உன் அண்ணன்தான் செய்யச் சொன்னான் என்று அர்த்தம். பிறகு தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னான்: "செஞ்சா இனிமே என் பேச்சைச் சிரிக்க மாட்டேன் சொன்னான். அன்னிக்கே சிரிச்சான்."

எய்தவன் வீட்டுக்குள் படுத்துச் சீட்டியடித்துக்கொண்டிருக்க, நான் அம்பை நொந்துகொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. இரு என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஒளித்துவைத்திருந்த பெயிண்டை எடுத்துவந்தேன். குண்டு சிறியது, ஆனால் என் கை அதற்குள் நன்றாகவே பழகியிருந்தது. எண்ணெய் வைத்து வகிடெடுத்த தலை. அப்போதுதான் அரும்பிய மீசை. ஒரு பக்கம் கோணும் அந்தச் சிரிப்பு. காயும்வரை ஊதி, அவன் கையில் வைத்து, "வலையில கட்டு. அடிச் சேத்துல கெடக்கட்டும்" என்றேன்.

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாரென்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"மாத்தி" என்றேன்.

எந்த மொழியில் என்று அவன் கேட்கவில்லை.