அத்தாயி வீட்டுக்கு ஒரு லைன்

புருஷன் இறந்த பிறகு எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, கொட்டச்சேட்டில் சொந்தமாக ஓட்டு வீடு கட்டினாள் அத்தாயி. யாரும் விரும்பாத செங்குத்துச் சரிவில் ஒரு காப்பிச் செடி லைனைக் கேட்டு வாங்கி, பதினெட்டு வருடம் தனியாளாகப் பறித்தாள். அலைந்து திரிந்து தெருவுக்குத் தண்ணீர் லைன் வரவைத்தாள். அவள் அண்ணன் அம்மாசி இதையெல்லாம் வரிசை தப்பாமல் எல்லோரிடமும் சொல்வார். கரண்ட் லைன் மட்டும் இன்னும் வரவில்லை.

அதற்காக இருவரும் ஏற்காட்டுக்கு பஸ் ஏறியது அன்று ஏழாவது தடவை. கரண்ட் ஆபீஸில் லைன் நகர்வதற்குள் அத்தாயிக்குக் கால் கடுத்துவிட்டது. மனுவில் கைநாட்டு வைத்தாள். கருப்பாக ஒரு திட்டுதான் விழுந்தது. மூன்று முறை வைத்தும் அதே திட்டு. காப்பி பறித்துப் பறித்து ரேகை தேய்ந்திருந்தது.

"ஏனுங்கம்மா, ரேகையே உளுகலீங்களே! கையெழுத்துப் போட்டாத்தான் மனு போகுமுங்க," என்றார் கிளார்க்.

அம்மாசி பேனாவை எடுத்தார். "நான் போட்டுடட்டுமா, அம்மிணி?"

"ஊடு உன்ற பேருலயா இருக்குது? இங்க குடு."

ரேஷன் கார்டில் இருந்த தன் பேரைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் நிமிரவே இல்லை. முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

"போதுமுங்க. கீழே தேதி போட்டுடுங்க," என்று ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார் கிளார்க்.

"நொம்ப அசந்துட்டேன். தேதிய நீயே போடு அண்ணா," என்று பேனாவை நீட்டினாள்.

அம்மாசி திருத்தமாக எழுதினார்: 11.07.2019.