கம்பம் நடுவதற்குள் போட்ட ஊசி

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது நான் செய்த தப்பு இது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் பதினான்கு வயதுப் பெண்களுக்கு எச்.பி.வி. ஊசி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுப்பது. ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு மதியம் போய் இறங்கினால் வாசலில் அம்மாக்கள் கூட்டம். சம்மதப் படிவத்தில் போன வாரமே கையெழுத்துப் போட்டவர்கள், இப்போது பிள்ளையை விட மாட்டேன் என்கிறார்கள்.

"ஏனுங்க சிஸ்டர், இன்னைக்கு மாரியாத்தாளுக்குக் கம்பம் நடறமுங்க. கம்பம் எடுக்கற வரைக்கும், பதினஞ்சு நாளைக்கு ஒடம்புல ஊசி படக்கூடாதுங்க," என்றார் ஒரு அம்மா.

தேதி குறித்தபோது கோயில் நோம்பி, அதாவது திருவிழா, எப்போது என்று நான் கேட்கவே இல்லை. பதினைந்து நாளில் முழு ஆண்டு லீவு விட்டு, பிள்ளைகள் திசைக்கொன்றாகப் போய்விடுவார்கள். என் அக்காவை இந்த நோய்க்குத்தான் பறிகொடுத்தேன். அவள் காலத்தில் இந்த ஊசி கிடையாது. விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை.

பள்ளிக்கு எதிரேதான் கோயில். திருவிழா முடியும்வரை அம்மன் முன்னால் நட்டு வைக்கும் மூன்று கிளை மரக் கம்பத்துக்குப் பூசாரி பழனிச்சாமி மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்.

"எத்தன மணிக்குங்க நடறீங்க?"

"ஆறு மணிக்குங்க."

"அதுவரைக்கும் ஊசி போடலாமுங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "நட்டதுக்கப்புறந்தானுங்க கட்டுப்பாடு. போடுங்க சிஸ்டர். எம் புள்ள தாரணிக்கும் போட்டுப்போடுங்க."

அவ்வளவுதான், அம்மாக்களே பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டார்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அப்சர்வேஷனில் உட்கார வேண்டும். கோயிலில் கொட்டு ஆரம்பித்ததும் பெஞ்சு முழுக்கத் தோள் ஆடியது. "ஆடாதீங்க கண்ணு" என்று திட்டிக்கொண்டே நானும் காலால் தாளம் போட்டேன். சந்தோஷத்தில் எனக்கே தலைகால் புரியவில்லை.

ஆறு அடிக்கப் பத்து நிமிடம். எல்லாருக்கும் போட்டாயிற்று, தாரணியைத் தவிர. பயத்தில் ஓடி ஒளிந்துவிட்டாள். எதிரே கம்பத்தைக் குழி ஓரம் கொண்டுவந்துவிட்டார்கள்.

"நில்லுங்கப்பா," என்றார் பூசாரி. "எம் புள்ளைக்கு இன்னும் போடலீங்க."

கொட்டு நின்றது. கம்பத்தைப் பிடித்தபடி ஊரே காத்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து தோழிகள் அவளை இழுத்து வந்தார்கள்.

"அம்மணி, கையத் தளர விடு."

போட்டேன். வாசலுக்கு ஓடி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். கொட்டு அதிர்ந்தது, கம்பம் இறங்கியது. ஆத்தாளுக்கு நன்றி சொன்னேன், சத்தமாகவே.

"வலிக்கவே இல்லீங்க சிஸ்டர்," என்றாள் தாரணி, ஏமாந்துபோன முகத்தோடு. அரை மணி நேரம் அவளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு இரண்டு பேரும் கம்பத்தைச் சுற்றி ஆடப் போனோம்.

புதிதாக வரும் நர்ஸ்களுக்குச் சொல்கிறேன்: தேதி குறிக்கும் முன் பூசாரிக்கு ஒரு போன் போடுங்கள். அன்றைக்கு ஆத்தா எனக்காகக் காத்திருந்தாள். எல்லா ஊரிலும் காத்திருப்பாள் என்று நம்பிவிடாதீர்கள்.