தையற்காரரின் வெள்ளிக்கிழமை

தையற்காரருக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அடிதடி வழக்கில் தம்பிக்கு விழுந்த தண்டனை அப்பீலிலும் உறுதியாகிவிட்டது. அதற்கும் மேல் கோர்ட்டுக்குப் போகிற கெடு போன வாரமே முடிந்துவிட்டதாம்.

“வெள்ளிக்கிழமைதான் கடைசின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!” வக்கீல் எரிந்து விழுந்தார்.

“சொன்னீங்க சார். நான் வெள்ளிக்கிழமைன்னு சொன்னா, அதுக்கும் அடுத்த வெள்ளிக்கிழமைதான் துணி குடுப்பேன். அது எல்லாருக்கும் தெரியும். கோர்ட்டும் அப்படித்தான்னு...”

“தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம். ஆனா காரணம்னு இதையா எழுதறது?”



மறுநாள் சிறைக் கம்பிக்கு அப்பாலிருந்து தம்பி கேட்டான்: “எப்பண்ணே வெளிய வருவேன்?”

“வெள்ளிக்கிழமை” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தம்பியின் முகம் செத்துப்போனது. அவனும் அதே கடையில் பட்டன் தைத்தவன்தான்.