மச்சான் ஏற்றிய புளியங்கொட்டைகள்

சீட்டாட்டத்தில் மச்சான் பொய்யாகப் பந்தயம் ஏற்றுவார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கையில் ஒன்றுமே இருக்காது. ஆனாலும் முன்னால் கிடக்கும் புளியங்கொட்டைகளை இரண்டு கையாலும் நடுவே தள்ளிவிட்டு, "தைரியம் இரிக்கிறாக்கள் வாங்க" என்பார். வாப்பா உடனே ஆட்டத்தை விட்டுக்கொடுத்துச் சீட்டைக் கவிழ்ப்பார். மச்சானின் மனைவியான என் ராத்தாவும் கவிழ்ப்பாள். பெருநாள் விடுமுறையில் போக்கர் என்ற இந்தச் சீட்டாட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். பல்கலைக்கழக விடுதியில் பழகியது. காசு வைத்தால் ஹராம், அதனால் புளியங்கொட்டை.

கட்டட வரைபடம் வரைவது என் தொழில். அளக்காமல் எதையும் நம்ப மாட்டேன். மச்சான் ஏற்றியதையும் கடைசியில் காட்டியதையும் ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் குறித்து வந்தேன். பத்துத் தடவையில் எட்டுத் தடவை வெறுங்கை. அப்படிப்பட்டவரிடம் நாமும் பொய்யாக ஏற்றக் கூடாது. அவர் கவிழ்க்க மாட்டார். பெரிய கை வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. வருவதற்குள் கொட்டை தீர்ந்துவிடும். ஒரே இலக்கத்தில் இரண்டு சீட்டு, ஒரு சோடி இருந்தால் போதும். அவர் வைத்த அளவு கொட்டையை நாமும் வைத்து, "காட்டுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சில தடவை தோற்போம். அடுத்த தடவையும் அதையே சொல்ல வேண்டும்.

விளையாட்டில் இதைச் செய்தேன். வீட்டு விஷயத்தில் செய்யாமல் இருந்ததை நினைத்தால் இன்னும் பல்லைக் கடிக்கிறேன்.

எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு. ராத்தாவின் கலியாணத்தின்போது முன்வீட்டை அவள் பெயருக்கு எழுதினார்கள். மச்சான் சம்மாந்துறையிலிருந்து வந்து குடியேறினார். பின்வளவு இளைய மகளான எனக்கு, என் வீடு எழும்ப வேண்டிய இடம். மச்சானுக்கு அதன் மேல் கண். "அப்ப உங்கட மகளக் கூட்டிட்டு எங்கட உம்மாட ஊட்ட போறன் மாமா" என்று தாய் வீட்டுக்குப் போவதாக வாப்பாவை முதல் தடவை மிரட்டியபோது, என் கிணற்றடியில் அவர் மோட்டார் சைக்கிள் திருத்தும் கொட்டில் முளைத்தது. இரண்டாம் தடவை, மதிலை உடைத்து அதற்குப் பாதை. ஊர் என்ன கதைக்கும் என்று வாப்பா இரண்டு தடவையும் கவிழ்த்தார். சீட்டு என்னுடையது, கவிழ்த்தது அவர்.

மூன்றாம் தடவை, அத்திவாரத்துக்கு நான் கட்டை அடித்துக் கயிறு கட்டிய காலை. மச்சான் கயிற்றை மிதித்துக்கொண்டு வாப்பாவைப் பார்த்தார்.

"இதில நான் கடயொண்டு அடிக்கப் போறன். உங்கட இளைய புள்ளைக்கி மறுகா வேற காணி பாப்பம்."

"ஏலா மச்சான்" என்றேன்.

"அப்ப சரி. நாளைக்கே ராத்தாவக் கூட்டிட்டு உம்மாட ஊட்ட போறன்."

வாப்பா வாயைத் திறக்குமுன் நான் முந்தினேன்.

"ஓம், போங்க மச்சான். சாமான் ஏத்த ட்ரெக்டர் நான் பேசித் தாறன்."

உம்மா தலையில் கை வைத்தாள். ராத்தா குசினி வாசலில் நின்று என்னை முறைத்தாள். என் கையில் ஒரு சோடிதான் இருந்தது: மச்சானின் உம்மாவுடைய வீடு எப்போதோ அவர் தங்கச்சிக்கு எழுதியாகிவிட்டது. அங்கேயும் பெண்ணுக்குத்தான் வீடு. எங்கள் வீட்டில் அது தெரியாதவர் எவருமில்லை.

மறுநாள் ட்ரெக்டர் வந்து வாசலில் ஹோர்ன் அடித்தது. மச்சான் சாரனோடு வெளியே வந்தார். "இண்டைக்கி ஏலா தம்பி, எனக்குக் காய்ச்சல்" என்று ட்ரெக்டர்காரப் பொடியனை அனுப்பிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். கடைப் பேச்சு அத்தோடு நின்றது.

வாப்பா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "அவன் போக மாட்டான் எண்டு எனக்கு மொதத் தடவ, அப்பவே தெரியும்" என்றார்.

அப்பவே. அப்படியானால் கொட்டிலையும் பாதையையும் தெரிந்துகொண்டே கொடுத்திருக்கிறார். மச்சான் மேல் இருந்த கோபம் முழுக்க அந்த நிமிடத்தில் இடம் மாறியது.

பின்வளவுக்குப் போய், மிதிபட்ட கயிற்றை இழுத்துக் கட்டினேன். பிறகு மதில் உடைந்த இடத்தில், பாதைக்குக் குறுக்கே இன்னொரு கட்டை அடித்தேன். வாப்பாவுக்குக் கேட்கட்டும் என்று ஓங்கி அடித்தேன்.