நான்கு முறை இறந்த தகப்பனார்

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு கடலோர விடுதியில் நான் மனிதவள மேலாளர். ஆள் எடுப்பது, விடுப்பு கொடுப்பது, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது ஆகிய மூன்றும் என் பொறுப்பு. இவற்றில் கேக் விஷயத்தில் மட்டும் இதுவரை புகார் வந்ததில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் நிர்வாகம் ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளை வாங்கியது. “இனி நீங்க முடிவெடுத்தா போதும் சார், யோசிக்கிறதை அது பாத்துக்கும்” என்றார் விற்க வந்தவர். என்னைப் பற்றி யாரோ அவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு, ஒப்பந்தத் தொழிலாளர்களில் யாரை நிரந்தரமாக்கலாம் என்ற பட்டியலை அதுதான் தயாரித்தது. பச்சை என்றால் நிரந்தரம். சிவப்பு என்றால் ஒப்பந்தம் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிடலாம். நீச்சல்குளக் காவலர் சிவப்பில் இருந்தார். பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர், ஆறு வருட அனுபவம். பெற்றோர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த வேளைகளில் எத்தனையோ பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தூக்கி வெளியே வைத்தவர்.

விடுதியின் பொது மேலாளர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது இளைய பெண்மணி. குரலை உயர்த்தாமலே உட்கார வைத்துவிடுவார்.

“சார், ஒருத்தருக்கு எத்தனை அப்பா இருக்க முடியும்?”

“பொதுவா ஒண்ணுதான் மேடம்.”

“இவருக்கு நாலு பேர் இறந்திருக்காங்க. நாலு துக்க விடுப்பு, நாலுமே அப்பாவுக்கு. பொய் சொல்றவரைக் குளத்துல எப்படி நிறுத்தறது? சாயங்காலம் பட்டியலை அனுப்பணும்.”

நிரந்தர ஊழியரின் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. அதை நம்பித்தான் காவலர் தன் தகப்பனாரின் கண் அறுவையைத் தள்ளிப்போட்டு வந்தார் என்பது எனக்குத் தெரியும். இரண்டு கண்ணிலும் புரை. வாசலில் நிற்பது மருமகளா மின்கம்பமா என்பதைக் கிழவர் பேச்சுக் கொடுத்துத்தான் தெரிந்துகொள்வாராம்.

காவலரை என் அறைக்கு வரச் சொன்னேன்.

“உங்கப்பா இறந்துட்டாராப்பா?”

“இன்னா சார் காலங்காத்தால. நைனா வூட்ல நாஸ்தா துன்னுகினு கீறாரு.”

“இங்க நாலு தடவை இறந்திருக்காரே.”

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீங்க சொல்லித்தான சார் போட்டேன்.”

அவர் சொல்லச் சொல்ல எனக்கும் ஞாபகம் வந்தது. அவர் குப்பத்தில் யார் இறந்தாலும் அன்று ஒரு படகும் கடலில் இறங்காது. வெளிவேலைக்குப் போகிறவர்களும் அடக்கம் முடியும்வரை ஊரில் இருந்தாக வேண்டும். முதல் தடவை விடுப்பு கேட்டு, செல்போனை நீட்டிக்கொண்டு என்னிடம்தான் வந்தார். அதிலிருந்த விடுப்புப் படிவத்தில், இறந்தவரின் உறவுமுறை என்ற இடத்தில் தந்தை, தாய், மனைவி, பிள்ளை என்று நான்கே நான்கு இருந்தன.

“செத்தது நாலு வூடு தள்ளிக் கீற பெருசு சார். அது இதுல எங்க கீது?” என்று அன்று கேட்டார். டீ ஆறிக்கொண்டிருந்த கவலையில் நான், “ஏதாவது ஒண்ணைத் தொடுப்பா, இல்லேன்னா உள்ளே விடாது” என்றிருக்கிறேன்.

“அதுக்காக நாலு தடவையும் அப்பாவா?”

“அம்மா மேல கைய வெக்க மனசு வர்ல சார். பொண்டாட்டி மேல வெச்சா வூட்டுக்குப் போவ முடியாது.”

நான்கு முறையும் ஒப்புதல் பொத்தானை அழுத்தியவன் நான். ஒவ்வொரு முறையும் என் சார்பில் ஓர் ஆழ்ந்த இரங்கல் தானாகவே போயிருக்கிறது. “நைனாவுக்குப் படிச்சுக் காட்டுவேன் சார். உங்க சாருக்கு நம்ம மேல ரொம்பப் பாசம்டான்னு சொல்வாரு.”

மென்பொருள் குழம்பிவிட்டது என்று நான் சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். யந்திரத்தால் எங்கள் தொழிலுக்குக் கிடைத்த மிகப் பெரிய வசதி அதுதான். கால் மணி நேரம் அந்த வசதியை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு காவலரையும் அழைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போய், தொடச் சொன்னதும் நான், படிக்காமல் ஒப்புதல் தந்ததும் நான் என்று சொன்னேன்.

“சரி சார். அவங்கப்பா இருக்கார்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?”

காவலர் வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டார். திரை முழுக்க ஒரு காது தெரிந்தது.

“நைனா, போனை மூஞ்சிக்கு நேரா புடி. எங்க மேனேஜரு பேசறாங்க.”

காது விலகி ஒரு மூக்கு வந்தது. “எந்த மேனேஜரு? நம்ம பாசக்கார மேனேஜரா?”

“அவர் பக்கத்துலதான் இருக்கார் ஐயா” என்றார் பொது மேலாளர். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “நீங்க எப்படி இருக்கீங்க?”

“நல்லா கீறேம்மா. கண்ணுதான் பேஜாரு பண்ணுது.”

அன்று மாலை போன பட்டியலில் காவலர் பச்சை. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அதையும் தட்டச்சு செய்தது அந்த மென்பொருள்தான், நல்ல நடை. உறவுமுறைப் பட்டியலில் ‘ஊரில் இறப்பு’ என்று ஐந்தாவதாக ஒன்று சேர்க்கச் சொன்னேன். அதில் அதிகபட்சம் எத்தனை பேர் அடங்குவார்கள் என்று மென்பொருள் நிறுவனத்திலிருந்து கேட்டார்கள். ஊர் முழுக்க என்று எழுதினேன்.

கிழவரைக் காப்பீட்டில் சேர்க்கும்போது மறுபடி மாட்டிக்கொண்டேன். இறந்தவரைச் சேர்க்க இயலாது என்றது யந்திரம். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கிழவரின் நான்கு மரணங்களையும் ஒவ்வொன்றாக ரத்து செய்தேன். ஒவ்வொன்றுக்கும் அது காரணம் கேட்டது. ‘உயிரோடு இருக்கிறார்’ என்று நான்கு முறை எழுதினேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் எழுதிய உருப்படியான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

செங்கல்பட்டில் அறுவை முடிந்த மூன்றாம் வாரம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மகனோடு கிழவர் என் அறைக்கே வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி என் தலையிலிருந்து தொப்பைவரை நிதானமாகப் பார்த்தார்.

“நீதானா அது? போன்ல நீ அனுப்சத இவன் படிச்சிக் கேக்கசொல்ல சின்ன வயசுன்னு நெனச்சேன்” என்றார். பார்வை மிகத் தெளிவாக வந்திருந்தது.